அப்பா வேண்டாம் என்று சொன்ன ஜேர்சி

அலுமாரியின் மேல்தட்டில் பொலித்தீன் பைக்குள் ஒரு ஜேர்சி இருக்கிறதே, அது யாருடையது என்று போன மாதம் சின்னவள் கேட்டாள். அப்பப்பாவின் கழகத்து ஜேர்சி என்று சொல்லிவிட்டுப் பையைத் திரும்ப மேலே வைத்துவிட்டேன். அது அரைவாசி பொய். பொய் சொல்லாதே என்று உங்கள் இரண்டு பேருக்கும் நாள்தோறும் சொல்கிறவன் நான். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. சுவிஸில், லொசான் நகருக்குப் பக்கத்து ரெனானில், ரெயில் பாதையைப் பார்த்தபடி நின்ற ஒரு கட்டடத்தின் நாலாம் மாடியில் இருந்தோம். அப்பா, அதாவது உங்கள் அப்பப்பா, லொசானில் ஒரு உணவகத்தின் குசினியில் கோப்பை கழுவினார். அதே குசினியில் சலாட்டுக்கு மரக்கறி வெட்டியவர் எங்கள் கட்டடத்திலேயே இரண்டாம் மாடியில் இருந்தார். அவர் பலஸ்தீனர். அப்பாவைவிட ஒரு பதினைந்து வயது மூத்தவர். மனைவி இறந்துவிட்டார், மகள் கலியாணம் கட்டி ஜெனீவாவில் இருந்தாள். நாங்கள் அவரைக் கீழ்வீட்டு மாமா என்போம். அவருக்கு அது விளங்காது. ஆனால் மாமா என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார்.

அப்பாவும் மாமாவும் இரண்டு வருடம் ஒரே தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றவர்கள். இரண்டு பேருக்கும் தெரிந்தது குசினிப் பிரெஞ்சு. சூடு, கெதியாக, தட்டு, முடிந்தது, நாளைக்கு. இவ்வளவையும் வைத்துக்கொண்டு ஒரு உணவகத்தையே நடத்தலாம். ஆனால் மனதில் இருக்கிற ஒன்றை எடுத்துச் சொல்ல அது காணாது. அதற்கு நான் இருந்தேன். வைத்தியரிடம், பெர்மி என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கிற கந்தோரில், வாடகை வீட்டுக்காரரிடம், எங்கே போனாலும் அப்பா தமிழில் சொல்வார், நான் பிரெஞ்சில் சொல்வேன். அந்த வயதில் வீட்டில் எனக்கிருந்த அதிகாரம், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பனான இன்றைக்கும் எனக்கு இல்லை.

அந்த வருடம்தான் அப்பா எங்கள் ஊர் விளையாட்டுக் கழகத்தை இங்கே திரும்பத் தொடங்கினார். கழகம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு உதைபந்து, அப்பாவின் கொப்பியில் பதினான்கு பெயர், ஞாயிற்றுக்கிழமை காலையில் ரெயில் பாதைக்குப் பக்கத்து வெறும் புல்தரை. சனி முழுக்கக் குசினியில் நின்ற கால்கள் ஞாயிறு ஓடுமா? அரை மணித்தியாலத்தில் எல்லோரும் புல்லில் இருந்துவிடுவார்கள். சித்தப்பாதான் பந்து காப்பாளர். ஓட வேண்டியதில்லை என்பதற்காகவே அந்த இடத்தைக் கேட்டு வாங்கியவர்.

குசினியில் இதைக் கேள்விப்பட்ட மாமா, எங்கள் ஆட்களுக்கும் ஒரு கழகம் இருக்கிறது, பையனையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வா என்று அப்பாவிடம் சொல்லியிருந்தார். அடுத்த திங்கள், அவர்களுக்கு லீவு நாள், அப்பாவும் நானும் இறங்கிப் போனோம். சின்னக் கண்ணாடிக் குவளைகளில் புதினா போட்ட தேத்தண்ணீர் வந்தது. மாமா கதை சொன்னார். நான் இடையில் இருந்து தமிழாக்கினேன்.

நெடுங்காலத்துக்கு முந்தி அவருடைய ஊர்ப்பக்கத்துச் சனம் கப்பல் ஏறிச் சிலி என்ற நாட்டுக்குப் போனார்களாம். பட்டனும் நூலும் துணியும் மூட்டை கட்டி முதுகில் சுமந்து, வீடு வீடாகக் கதவு தட்டி விற்றார்களாம். அந்த நாளில் அவர்களுடைய ஊர் துருக்கியின் ஆட்சியில், கையில் துருக்கிக் கடதாசி இருந்ததால் அந்த ஊரார் அவர்களைத் துருக்கியர் என்றே கூப்பிட்டார்களாம். அது அவர்களுக்குப் பிடிக்கவில்லை. பிறகு எல்லோரும் சேர்ந்து ஒரு உதைபந்தாட்டக் கழகம் தொடங்கித் தங்கள் நாட்டின் பெயரையே அதற்கு வைத்தார்கள். அந்தக் கழகம் இன்றைக்கு அங்கே முதலாம் பிரிவில் ஆடுகிறது. பலஸ்தீனத்தைப் படத்திலும் பார்த்திராத சிலிக்காரர்கூட அந்தப் பெயரைச் சொல்லிக் கத்துகிறார்கள் என்றார் மாமா.

அப்பா குவளையைக் கீழே வைக்க மறந்துபோய் இருந்தார்.

“ஆட்டக்காரருக்குச் சம்பளம் குடுக்கினமோ எண்டு கேள்.”

கேட்டேன். கொடுக்கிறார்களாம்.

“சொந்த மைதானம் இருக்கோ?”

இருக்கிறதாம். அப்பா என்னையும் மாமாவையும் மாறி மாறிப் பார்த்தார். நாடு இல்லாத சனத்துக்கு ஒரு ரீம் இருக்கலாம் என்பது அதுவரை அவருக்குத் தோன்றியதே இல்லை என்று நினைக்கிறேன். அந்த நேரம்வரை நான் ஒரு சொல்லையும் விழுங்கவில்லை. விழுங்க எனக்குக் காரணம் இருக்கவில்லை.

பிறகுதான் மாமா உள்ளே போய் அந்த ஜேர்சியைக் கொண்டுவந்தார். மேலிருந்து கீழாகச் சிவப்பும் வெள்ளையும் பச்சையும் பட்டைகள், கழுத்துப்பட்டி கறுப்பு. புதிது இல்லை, கழுத்தடியில் நூல் தேய்ந்திருந்தது. அவருடைய தமையன் சின்ன வயதிலேயே சிலிக்குப் போனவர், அங்கே துணிக்கடை வைத்திருந்தார். ஒரு ஆட்டத்தையும் தவறவிடாத ஆள். தான் போட்டுக்கொண்டு போகிற ஜேர்சியைக் கழற்றித் தபாலில் அனுப்பியிருந்தார். அண்ணன் தம்பி நேரில் கண்டு இருபது வருடத்துக்கு மேல்.

இதை நான் அப்பாவுக்கு ஒழுங்காகத்தான் சொன்னேன். ஆனால் என் கண் ஜேர்சியை விட்டு நகரவில்லை. எங்கள் வகுப்பில் போர்த்துக்கல் பிள்ளைகளுக்குப் போர்த்துக்கல் ஜேர்சி இருந்தது. இத்தாலிப் பிள்ளைகளுக்கு இத்தாலி ஜேர்சி. இடைவேளையில் ரீம் பிரிக்கும்போது, உன் நாட்டு ஜேர்சி எங்கே என்று கேட்பார்கள். என்னிடம் இருந்தது அம்மா மலிவு விற்பனையில் எடுத்த, நெஞ்சில் கரடி போட்ட ஒரு சேட்.

உலகத்திலேயே இதுதான் வடிவான ஜேர்சி என்று மாமாவிடம் சொன்னேன். அப்பா சொன்னதை அல்ல, நானாக.

மாமா கையை நெஞ்சில் வைத்து, அப்படியென்றால் அது உங்களுடையது, எடுங்கள் என்றார்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் வீட்டுக்கு யாராவது வந்து எழும்பினால் உங்கள் அப்பம்மா, சாப்பிட்டுவிட்டுப் போங்கோவன் என்பார். வந்தவர் இல்லை அக்கா, இப்பதான் சாப்பிட்டனாங்கள் என்பார். பானையில் சோறு இருக்கிறதா இல்லையா என்பது வேறு விஷயம். கேட்பதும் மரியாதை, மறுப்பதும் மரியாதை. மாமாவின் ஆட்களுக்குள்ளும் அப்படி ஒன்று இருந்தது. விருந்தாளி ஒரு பொருளை மெச்சினால், அது உனக்கே என்று சொல்லிவிட வேண்டும். விருந்தாளி ஐயோ வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிடாத குறையாக மறுத்துவிட வேண்டும். யாரும் சொல்லித்தராமலே அப்பாவுக்கு இது விளங்கிவிட்டது.

“இல்லை, இல்லை. இது அவற்ற தமையன் போட்ட உடுப்பு. நாங்கள் வாங்கேலாது. கண்ணால கண்டதே எங்களுக்குக் காணும் எண்டு சொல்லு, தம்பி. வடிவாச் சொல்லு, அவற்ற மனம் நோகக் கூடாது.”

நான் மாமாவைப் பார்த்து, அப்பா மிகவும் நன்றி சொல்கிறார் என்றேன்.

மாமாவின் சிரிப்பு அப்படியே இருந்தது. கண் மட்டும் ஒருமுறை அப்பாவிடம் போய்த் திரும்பி வந்தது. பிறகு ஜேர்சியை அப்பாவின் மடியில் வைத்தார்.

அப்பா திடுக்கிட்டார். “வேண்டாம் எண்டு சொன்னனியோ?”

“ஓம் அப்பா. கட்டாயம் எடுக்கட்டாம். எடுக்காட்டி அவருக்குக் கோவம் வருமாம்.”

இரண்டாவது பொய் முதலாவதைவிட லேசாக வந்தது. அப்பா எழும்பி நின்று, இரண்டு கையாலும் ஜேர்சியை ஏந்தி, தானாகவே மெர்சி, மெர்சி என்றார். மாமா ஒரு பை எடுத்துவருகிறேன் என்று குசினிக்குள் போனார். வரக் கொஞ்ச நேரம் எடுத்தது. அந்த வீட்டுக் குசினி நாலு எட்டில் முடிந்துவிடும்.

மாடிப்படி ஏறும்போது அப்பா சொல்லிக்கொண்டே வந்தார். “நாங்கள் சொந்தச் சகோதரத்துக்கும் இப்பிடிக் குடுப்பமோ? அந்த மனுசன்ர மனசைப் பார்.” நான் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முன்னுக்கு ஏறினேன்.

மூன்று நாள் அதைப் பள்ளிக்கூடத்துக்குப் போட்டுக்கொண்டு போனேன். கை முழங்கைக்குக் கீழே தொங்கியது. எந்த நாட்டு ஜேர்சி என்று போர்த்துக்கல் பெடியன் கேட்டான். எங்கட நாட்டு ஜேர்சி என்றேன். அவனுக்கு இலங்கையும் தெரியாது, பலஸ்தீனமும் தெரியாது, நம்பிவிட்டான். நாலாம் நாள் அப்பா அதைக் கழகத்துக்கென்று எடுத்துவிட்டார். பந்து காப்பாளர் வேறு நிறம் போட வேண்டும்தானே, சித்தப்பா போடட்டும், சிலியில் நடந்தது எங்களுக்கும் நடக்கட்டும் என்றார்.

“அண்ணை, முதல்ல பதினொரு பேர் நேரத்துக்கு வரட்டும். பிறகு முதலாம் பிரிவைப் பாப்பம்,” என்றார் சித்தப்பா. ஆனாலும் போட்டுப் பார்த்துவிட்டுக் கண்ணாடி முன்னால் நெடுநேரம் நின்றார்.

ஆனியில் சூரிச் பக்கத்தில் எங்கள் ஆட்களின் சுற்றுப்போட்டி நடந்தது. ஊருக்கு ஒரு கழகம். முதல் ஆட்டத்தில் அரைவாசி நேரம்வரை எங்களுக்கு ஒரு கோல்தான் விழுந்திருந்தது, அதுவே பெரிய காரியம். அப்போது எதிர்ப் பகுதியில் ஒருவர் எங்கள் இடதுபக்க ஆட்டக்காரரைக் காட்டி, இவர் உங்கட ஊர் இல்லையே என்றார். உண்மைதான். அவர் எங்கள் ஊரில் பெண் எடுத்தவர், பிறந்தது பக்கத்து ஊர்.

“கட்டின ஊர் கணக்கில வராது,” என்றார் எதிர்ப் பகுதிக்காரர்.

“அப்ப உங்கட கப்டனைத் தாய் வீட்டுக்கு அனுப்புங்கோ, அவரும் வந்த மாப்பிளைதான்,” என்றார் சித்தப்பா.

அதற்குப் பிறகு யாரும் பந்தைத் தேடவில்லை. தள்ளுப்பட்டார்கள், இழுபட்டார்கள். சுவிஸ்கார நடுவர் விசில் ஊதி ஊதிக் களைத்துப்போய்ப் புல்லில் இருந்துவிட்டார். பிரித்து எடுத்தபோது சித்தப்பாவுக்கு ஒரு கீறலும் இல்லை. ஜேர்சிதான் கழுத்துப்பட்டியிலிருந்து கமக்கட்டுவரை கிழிந்து தொங்கியது.

எல்லோரும் வான் வண்டியில் திரும்பினோம். சிலியில் யார் யாரோ எல்லாம் ஒரு பெயருக்கு ஆடுகிறார்கள், நாங்கள் மருமகனையே சேர்க்கமாட்டோம் என்று அப்பா ஒருமுறை சொன்னார். ஜேர்சியை மடியிலேயே வைத்திருந்தார்.

அது அம்மாவின் தையல் கூடைக்குள் போனது. பொருத்தமான நூல் வாங்க வேண்டும் என்று அம்மா தள்ளித் தள்ளிப்போட்டு, கடைசியில் கறுப்பு நூலால் தைத்தார். தையல் பூரான் மாதிரி நெஞ்சில் ஊர்ந்தது. மாமாவின் கண்ணில் இது படக்கூடாதே என்பதுதான் அப்பாவுக்குப் பெரிய கவலை.

இலையுதிர் காலத்தில் ஒரு திங்கட்கிழமைப் பின்னேரம் மாமா எங்கள் கதவைத் தட்டினார். ஒரு கிழமையாக வேலைக்கு வரவில்லை என்று அப்பா சொல்லியிருந்தார். தாடி வளர்ந்திருந்தது. அவர் உள்ளே வர முந்தி அம்மா தையல் கூடைமேல் ஒரு துவாயைப் போட்டு மூடினார். மாமா அந்தக் கூடைக்குப் பக்கத்தில்தான் இருந்தார். அம்மா கொடுத்த பயத்தம் பணியாரத்தைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை. பிறகு, அந்த ஜேர்சி இருக்கிறதா என்று என்னிடம் கேட்டார்.

நான் அதைத் தமிழில் சொன்னதும் அப்பாவின் முகம் கறுத்தது. கை துவாய்மேல் போய்விட்டது.

“தம்பி, உள்ளதைச் சொல்லு. கிழிஞ்சு போச்சு, எங்கட ஆக்கள் செய்த வேலை, மன்னிக்க வேணும் எண்டு சொல்லு. அம்மா தைச்சு வைச்சிருக்கிறா. அவர் கேட்டால் இப்பவே குடுக்கிறன் எண்டு சொல்லு. நான் அண்டைக்கே வேண்டாம் எண்டு எவ்வளவு சொன்னனான். தமையன்ர உடுப்பு தம்பியட்டை இருக்கிறதுதான் முறை எண்டு வடிவாச் சொல்லு.”

அண்டைக்கே வேண்டாம் எண்டு சொன்னனான். அந்த ஒரு வசனத்தில் நான் நின்றுவிட்டேன். அதைச் சொன்னால், அப்படி யாரும் சொல்லவில்லையே என்று மாமா கேட்பார். கேட்டால் அப்பாவுக்குத் தெரிந்துவிடும்.

இருக்கிறது, நல்லபடியாக இருக்கிறது என்று அப்பா சொல்கிறார் என்றேன் மாமாவிடம்.

அப்பாவிடம் திரும்பி, “பரவாயில்லையாம் அப்பா. நீங்களே வைச்சிருக்கட்டாம்,” என்றேன்.

அப்பாவின் கை துவாயிலிருந்து எழும்பி வந்தது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள். மாமா பணியாரத்தை ஒரு கடி கடித்து, நல்லது என்று அம்மாவுக்குக் கையால் காட்டிவிட்டு எழும்பினார்.

இரண்டு நாள் கழித்து அப்பா வேலையிலிருந்து செய்தியோடு வந்தார். மாமாவின் தமையன் சிலியில் இறந்துவிட்டாராம். அகதிக் கடதாசியோடு அவ்வளவு தூரம் போக விசா கிடைக்கவில்லை, செத்த வீட்டுக்குப் போகவில்லை. தலைமைச் சமையல்காரர் சொல்லித்தான் அப்பாவுக்குத் தெரியும். “அண்டைக்கு வந்து இருந்திட்டு, ஒரு சொல் சொல்லாமல் போட்டாரே,” என்றார். ஜேர்சியைக் கொண்டுபோய்க் கொடுப்போமா என்று அம்மாவிடம் கேட்டார். மனமுவந்து தந்ததைத் துக்க வீட்டில் திருப்பிக் கொடுப்பது அவமரியாதை, அதுவும் வைத்திருங்கோ என்று அவரே சொன்ன பிறகு, என்றார் அம்மா. நான் சோற்றுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

துக்கம் விசாரிக்க என்னையும் கூப்பிட்டார் அப்பா. வயிற்றுக்குத்து என்று சொல்லிப் போர்வைக்குள் போய்விட்டேன். தனியே போனவர் ஒரு மணித்தியாலம் கழித்துத்தான் வந்தார். என்ன கதைத்தீர்கள் என்று அம்மா கேட்டார்.

“ஒண்டும் கதைக்கேல்லை. இருந்திட்டு வந்தன்.”

அடுத்த வசந்த காலத்தில் மாமா மகளோடு இருக்கப் போய்விட்டார். கழகம் இன்னும் இரண்டு கோடை இருந்து, பிறகு கொப்பி மட்டும் மிஞ்சியது. எனக்குக் கலியாணம் ஆனபோது அப்பா ஜேர்சியை என்னிடம் தந்தார். இன்றைக்கும் வீட்டுக்கு வருகிறவர்களுக்கு, மறுக்க மறுக்கத் தந்த மனுசன் என்று அந்தக் கதையைச் சொல்கிறார். நீங்களும் கேட்டிருக்கிறீர்கள். மறுத்தது யாருடைய காதிலும் விழவில்லை என்பதை அவருக்கு நான்தான் சொல்ல வேண்டும். நீங்கள் எனக்கு முந்தக் கூடாது.

ஒன்றை விட்டுவிட்டேன். மறந்து விடவில்லை, எழுதக் கை வரவில்லை.

அந்தத் திங்கட்கிழமை மாமாவை வழியனுப்ப அப்பா என்னைப் படிவரைக்கும் அனுப்பினார். மாமா இரண்டு படி இறங்கி நின்று திரும்பினார். அப்போது அவருடைய முகமும் என் முகமும் ஒரே உயரத்தில் இருந்தன. என் தலையில் கை வைத்து, மெதுவாகப் பிரெஞ்சில் சொன்னார்.

“உன் அப்பா எவ்வளவு நேரம் பேசினார். நீ சொன்னபோது அது இவ்வளவு சின்னதாகிவிட்டது.”

சொல்லிவிட்டு, நான் ஏதாவது சொல்வேனா என்று பார்த்துக்கொண்டு நின்றார். அவர் என் பிரெஞ்சைப் புகழ்கிறார் என்று நான் நினைத்தேன். ஓம், தமிழ் நீளமான பாஷை என்று பெருமையாகச் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, கைப்பிடியைப் பிடித்தபடி கீழே இறங்கினார்.